பெங்களூரில் இருக்கும் அக்கா

புருஷன் வீடு வேண்டாமென்று பவுலின் திண்டிவனத்துக்குத் திரும்பி வந்தபோது, அம்மா லூர்துமேரி பின்பக்கத்து அறையை ஒழித்துக் கொடுத்தாள். வந்த புதிதில் பவுலின் அந்த அறையை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

தம்பி சகாய பிரவீன் பைக் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தூண்டிலோடு விரால் பிடிக்க ஏரி ஏரியாகச் சுற்றுவான். நிஜ மீன் போலவே இருக்கும் போலி இரையை லூர் என்பார்கள். கடை லூர் பிடிக்காமல் கல்யாண முருங்கைக் கட்டையில் தானே செதுக்கத் தொடங்கினான். செதுக்க வந்தது, பெயின்ட் அடிக்க வரவில்லை. முதல் மீன் காமாலை வந்தது போலிருந்தது. பவுலின் பார்த்துச் சிரித்துவிட்டாள். வீடு திரும்பிய பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

"சிரிக்கிறியே, நீயே அடி பாப்போம்" என்று கட்டையை அவள் கையில் கொடுத்தான்.

அடித்தாள். கட்டையின் மேல் கொசுவலைத் துண்டை இறுக்கிச் சுற்றி ஸ்ப்ரே செய்து வலையை உரித்தால் செதில் செதிலாக விழும் என்பதை அவளே கண்டுபிடித்தாள். முதுகுக்குக் கரும்பச்சை, வயிற்றுக்கு வெள்ளை, செவுளுக்கு லேசாகச் சிவப்பு. கடைசியில் கார் பெயின்ட் கடையில் வாங்கிய கிளியர் என்ற நிறமில்லாத பளபளப்புப் பூச்சில், அதை இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து ஒரு கோட், அது இறுகியதும் இன்னொன்று. தூசி ஒட்டாமலிருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருவாள். காய்ந்த மீனைக் கையில் எடுத்தால், தண்ணீரிலிருந்து அப்போதுதான் துள்ளி விழுந்தது போல மின்னும்.

கெடார் பக்கத்து ஏரியில் அந்த லூரைக் கவ்விய முதல் விராலைத் தூக்கிக்கொண்டு பிரவீன் தெருவிலிருந்தே கத்தினான். "யக்கா, உன் மீனப் பாத்து ஏமாந்துட்டான் பாரு!"

பிறகு அவன் போனில் படம் போட, வெளியூர்க்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவன் செதுக்கினான், அவள் வண்ணம் அடித்தாள்.

அந்த வருஷம் பிரவீனுக்குப் பெண் அமைந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெயர் இருதயமேரி. "மொதல்ல பெரியவங்க மட்டும் போய்ட்டு வர்றோம்" என்றாள் அம்மா. பவுலின் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. போட்டோவில் பார்த்ததே போதுமென்றிருந்தது.

"அவளுக்குக் குடுக்கணும். முதுகுல ரோஜாப்பூ மாதிரி போட்டு ஒண்ணு பண்ணுக்கா" என்று பிரவீன் கேட்டான். ஊசிமுனையில் பெயின்ட் தொட்டு இதழ் இதழாக வரைந்தாள். வருகிற பெண்ணுக்குத் தன் கையால் போகும் முதல் பொருள் என்று கிளியரை மூன்று கோட் கொடுத்தாள்.

அதோடு அவள் விரலிடுக்கெல்லாம் சிவந்து அரித்தது, தோல் வெடித்தது. முண்டியம்பாக்கத்துக்குப் போனாள். டாக்டர் பார்த்துவிட்டு மருந்து போட அனுப்பிய அறையில் நின்றிருந்தவள் இருதயமேரி. பவுலினுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அவளாகவே கண்டுபிடிக்கட்டும் என்றிருந்தாள்.

"இன்னா வேலைக்கா பண்றீங்க?"

"மீன் புடிக்கிற லூருக்கு பெயின்ட் அடிக்கிறேன்."

"ஐயே, நான் கட்டிக்கப் போறவரும் அதான் பண்ணிக்கினு இருக்காரு! திண்டிவனம்தான். செதுக்கறது, பெயின்ட், கிளியர் எல்லாமே அவரு ஒருத்தரே." இருதயமேரி போனைத் திறந்து காட்டினாள். ரோஜாப்பூ மீன். "எனக்காக ஒரு வாரம் கண்ணு முழிச்சி வரைஞ்சாராம்."

பவுலின் படத்தையே பார்த்தாள். "அவருக்குக் கூடப்பொறந்தவங்க?"

"ஒரே அக்கா. பெங்களூர்ல செட்டில் ஆயிட்டாங்க. வூட்டுக்காரருக்குப் பெரிய வேலையாம். கல்யாணத்துக்கு லீவு கெடைக்கிறதே கஷ்டம்ன்றாங்க." பேசிக்கொண்டே களிம்பு தடவினாள். "இனிமே கிளவுஸ் இல்லாம தொடாதீங்கக்கா."

பவுலின் தலையாட்டினாள். பஸ்ஸில் வரும்போது கை எரிந்ததா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டில் பிரவீன் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"நான் எப்படா பெங்களூரு போனேன்?"

அவன் கை நின்றது. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். ஆச்சரியப்படாத அந்த முகத்தைப் பார்த்ததும் பவுலினுக்கு எல்லாம் புரிந்தது.

"முன்னாடி ஒரு எடம் உன்னாலதான் தட்டிப்போச்சி. அத உனக்குச் சொல்லல" என்றாள் அம்மா.

"பெயின்ட் அக்கா அடிக்குதுன்னு சொன்னா, அக்கா எங்கன்னு கேப்பாங்க. அப்பறம் ஏன் இங்க இருக்குதுன்னு கேப்பாங்க. கல்யாணம் முடிஞ்சதும் சொல்லலாம்னுதான்..." என்றான் பிரவீன்.

"கல்யாணத்தன்னிக்கு நான் எங்க இருக்கணும்?"

அவன் தலை நிமிரவில்லை. "பிரம்மதேசத்துல சித்தி வூட்ல. பேசிட்டோம்."

பொய்யைக்கூடத் தாங்கியிருப்பாள். எல்லோருமாக உட்கார்ந்து பேசி முடித்துவிட்டார்கள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கையை நீட்டுவதற்கு முன்பே சொன்னாள். "பெங்களூர் அக்கா நான்தாம்மா. அந்த ரோஜாப்பூவும் நான் வரைஞ்சதுதான்."

இருதயமேரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றாள்.

"அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சிது."

கல்யாணம் நிற்கவில்லை. இருதயமேரி நேரில் வந்து, "உங்க அக்கா கோயில்ல இல்லன்னா நானும் இல்ல" என்று பிரவீனிடம் சொல்லிவிட்டுப் போனாள். பவுலின் கல்யாணத்துக்குப் போனாள். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது தம்பியின் பக்கத்தில் நின்றாள். அவன் தோள் உரசியதும் ஓரடி தள்ளி நின்றுகொண்டாள்.

அந்த மாதமே விழுப்புரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை தேடிக்கொண்டு, தனியாக அறை எடுத்தாள். பிரவீன் வரவில்லை. இருதயமேரிதான் டியூட்டி முடிந்து அவ்வப்போது வந்து போவாள். ஒருநாள் பைநிறைய செதுக்கிய மீன்களோடு வந்தாள்.

"குடுக்கச் சொன்னாரு அண்ணி. நீங்க அடிச்சாதான் நல்லாருக்கும்னு..."

பவுலின் ஒன்றை எடுத்து வாலைத் தடவிப் பார்த்தாள். வழவழவென்றிருந்தது. "நல்லா செதுக்கியிருக்கான்னு சொல்லு" என்று பையிலேயே போட்டாள்.

"மன்னிக்கவே மாட்டீங்களா?"

"கோவமெல்லாம் இல்லடி. அவன் யக்கான்னு கூப்பிட்டுக்கினு வந்தா, இப்ப இதுல எவ்ளோ நிஜம்னு யோசிக்கத் தோணுது. அந்த யோசன போவணும்ல."

இருதயமேரி பையின் வாயை இழுத்துக் கட்டினாள். பவுலின் செருப்பை மாட்டிக்கொண்டு, அவளை பஸ் ஏற்றிவிடக் கிளம்பினாள்.