கட்டிலுக்கு அடியில் துகிமான்

துகிமானுக்குப் பித்தப்பையில் கல். கல்லை எடுக்க ரத்த அழுத்தம் இறங்க வேண்டும், அழுத்தம் இறங்க மனுஷன் தூங்க வேண்டும். தூங்கினால்தானே! பதினான்கு நாளாக மாவட்ட ஆஸ்பத்திரியின் ஆறாம் நம்பர் கட்டிலில் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடக்கிறார். அறுவை டாக்டர் வியாழக்கிழமை மட்டும் வருவார். இரண்டு வியாழன் "நூத்தித் தொண்ணூறா? கத்தியைத் தொடமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நாளை மூன்றாவது வியாழன். அதையும் விட்டால் டாக்டர் ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறார், திரும்பி வர நாற்பது நாளாகும். இந்த வலியோடு இன்னும் நாற்பது நாளா? நினைத்தாலே துகிமானுக்கு அழுகை வந்தது.

"தூக்கத்தைக் கெடுக்கிறதே உங்க ஊர்க்காரங்கதான்," என்றாள் நர்ஸ் ருக்மியாதி.

அவள் சொன்னதில் என்ன பொய்? கராங்சாரியில் ஒருவன் படுத்தால் ஊரே லாரி பிடித்து வந்துவிடும். ஆரஞ்சுப் பை, பிஸ்கட் டின், சர்க்கரைப் பொட்டலம், நாற்பது தலை. வந்து நின்றதும், ஜாவாக்காரர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற 'மஸ்' போட்டு, "எப்படி மஸ் ஆரம்பிச்சுது? முதல்லேருந்து சொல்லுங்க." சுன்னத்து வீட்டு விருந்தில் தின்ற ஆட்டுக்கறியிலிருந்து ஆரம்பித்து துகிமான் சொல்லி முடிப்பார். அதற்குள் அடுத்த லாரி வந்து நிற்கும்.

"தடுத்து நிறுத்தக் கூடாதா சிஸ்டர்?" என்று கேட்டாள் துகிமானின் மனைவி லஸ்மினி.

"நல்லாருக்கே! நாளைக்கு எங்க வீட்ல யாராச்சும் படுத்தா ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்குமா?"

லஸ்மினி யோசித்தாள். கட்டிலுக்கு அடியில் அவள் படுக்கிற பாய் இருந்தது. வீட்டில் வேலை வெட்டி இல்லாத அவள் தம்பி பர்ஜோ இருந்தான். மதியம் பர்ஜோ கட்டிலில் ஏறிப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். துகிமானைப் பாயில் உருட்டிவிட்டார்கள்.

துகிமான் தொப்பையும் மீசையுமாக ஆள் மலை மாதிரி இருப்பார். பர்ஜோ காய்ந்த முருங்கைக்காய். முதல் லாரிக்காரர்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். ஒரு நொடி மீசையைத் தேடினார்கள். ஆனால் நோயாளி முகத்துக்கு எதிரே 'நீ வேற ஆளாச்சே' என்று சொல்ல ஜாவாக்காரனுக்கு நாக்கு எழும்புமா? அதைவிடச் செத்துப் போகலாம்.

"அடப் பாவமே, பாதியா இளைச்சிட்டீங்களே மஸ் துகிமான்!"

"மீசைகூடக் கொட்டிப் போச்சே!"

"மருந்தோட சூடு," என்றான் பர்ஜோ, ஈனஸ்வரத்தில். "எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேளுங்க, சொல்றேன்."

கேட்டார்கள். அவன் சொன்ன விதத்தில் ஆடு வயிற்றுக்குள்ளேயே கத்தியது, முட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கீழே படுத்திருந்த துகிமானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆடாவது முட்டுவதாவது! இந்தப் பயல் நம் வியாதியைத் தன் சொத்துபோல அள்ளி இறைக்கிறானே என்று பல்லைக் கடித்தார்.

அந்த லாரி போனதும் வார்டு கப்சிப்பென்று ஆயிற்று. இப்போதாவது தூக்கம் வருமா? காதில் பஞ்சு வைத்துப் பார்த்தார். ஒன்றிலிருந்து ஆயிரம் வரை எண்ணிப் பார்த்தார். அமைதி ஆக ஆகத்தான் கண் இன்னும் அகலத் திறந்தது. ருக்மியாதி குந்தி உட்கார்ந்து கையை வெளியே இழுத்து அழுத்தம் பார்த்தாள்.

"நூத்தி எம்பத்தஞ்சு. என்ன ஐயா, கீழே படுத்துக்கிட்டு யாரோட சண்டை போடறீங்க?"

நான்கு மணிக்கு அடுத்த கூட்டம் வந்தது. துகிமானுக்குக் கால்கள் மட்டும் தெரிந்தன. முன்னால் வந்த பளபளப்பான செருப்பு ஊர்த் தலைவர் சுதார்சோவுடையது. அதன் பின்னால் தயங்கித் தயங்கி வந்த, நகம் பிளந்த அந்தக் கட்டை விரலைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கஸ்மின்!

பக்கத்து வீட்டுக் கஸ்மின் உழவாரக் குருவிகளுக்காக ஜன்னலே இல்லாத மூன்று மாடி கட்டி வைத்திருக்கிறார். சீனர்கள் சூப்பு வைத்துக் குடிக்கும் கூடு அதில்தான் விளைகிறது. குருவியை அழைக்கக் கூரையில் ஒலிபெருக்கி, அதில் இரவும் பகலும் கிரீச் கிரீச் என்று பதிவு செய்த குருவிச் சத்தம். அதை நிறுத்தச் சொல்லி நாற்பத்தோரு கையெழுத்து வாங்கியவர் துகிமான். ஆறு வருஷமாகப் பெருநாளுக்குக்கூட இருவரும் கை கொடுத்துக்கொண்டதில்லை.

"மஸ் துகிமான்," என்று கஸ்மின் பர்ஜோவைப் பார்த்துச் சொன்னார். "ஊர்ல எல்லாரும் என்னைத்தான் சொல்றாங்க. என் குருவிச் சத்தம்தான் உங்களைப் படுக்க வெச்சிருச்சாம். எனக்கும் மனசு உறுத்துது. நேத்தே ஸ்பீக்கரை நிறுத்திட்டேன். பதிவு இதோ போன்ல இருக்கு. உங்க கண் முன்னாடியே அழிச்சிடறேன்."

"அதுதானான்னு போட்டுக் காட்டுப்பா," என்றார் சுதார்சோ.

கிரீச், கிரீச், கிர்ர்ர்ர்.

துகிமானின் தோள் தளர்ந்தது. தாடை தொங்கியது. விலாவில் பிடுங்கிய வலி எங்கோ தூரத்தில் போய் உட்கார்ந்தது. கண் இரண்டும் தானாகச் செருகின. அட, பாயில் எச்சில்கூட வடிந்துவிட்டது!

சத்தம் நின்றது. கண் பட்டென்று திறந்துகொண்டது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆறு வருஷம் தூங்கவில்லை தூங்கவில்லை என்று ஊரைக் கூட்டினோமே, இந்தப் பாழாய்ப் போன சத்தத்தில்தான் இத்தனை நாள் குறட்டை விட்டிருக்கிறோம்! வெட்கத்தில் உடம்பு கூசியது.

"இதேதான்," என்றார் கஸ்மின். "அழிச்சிடவா மஸ்?"

"அழி!" என்று கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டான் பர்ஜோ. "சுவடு இல்லாம அழி! ஜெயிச்சிட்டோம்!"

கூட்டம் அல்ஹம்துலில்லாஹ் சொன்னது. கஸ்மின் விரலைத் தூக்கினார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை பாய்ந்து வந்து அவர் கணுக்காலைப் பிடித்தது.

"வேணாம் கஸ்மின்," என்றது பாய். "நான் எழுதின மனு, வாங்கின கையெழுத்து எல்லாத்தையும் கிழிச்சுப் போட்டுடறேன். அந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திடாதே. உன் கால்ல விழறேன், எனக்குத் தூக்கம் வேணும்ப்பா."

நாற்பது பேரும் கூரையைப் பார்த்தார்கள். ஒருவர்கூடக் குனியவில்லை. கஸ்மினும் குனியவில்லை, ஆனால் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பர்ஜோவை நேராகப் பார்த்து, "நீங்க சொன்னா சரி மஸ் துகிமான்," என்றார். போனை மெல்லத் தட்டினார்.

கிரீச், கிரீச், கிர்ர்ர்ர்.

ஐந்து நிமிஷத்தில் கட்டிலுக்கு அடியிலிருந்து மரம் அறுப்பது மாதிரி குறட்டை வந்தது. ருக்மியாதி ஓசைப்படாமல் குந்திப் பார்த்துவிட்டு, "நூத்தி முப்பது" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். லஸ்மினி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எல்லாரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். லாரியும் கிளம்பிவிட்டது. கஸ்மின் மட்டும் கையில் போனோடு நின்றுகொண்டே இருந்தார், கணுக்காலைப் பிடித்த கை தூக்கத்திலும் விடவில்லை.