ஐந்தாம் அடியின் வாத்து

சீன எட்டடிச் செய்யுளின் இலக்கணத்தை நான் ஐம்பத்து நான்காம் வயதில் கற்றேன். அடிக்கு ஏழு எழுத்து; ஓர் எழுத்தே ஒரு சொல். ஒவ்வோர் எழுத்தும் நீண்டு ஒலிக்கும் சம ஓசை, அன்றேல் ஏறியோ இறங்கியோ வெட்டியோ நிற்கும் சாய்ந்த ஓசை; எவ்விடத்தில் எது வரும் என்பதும் விதி. நடுவிலுள்ள நான்கு அடிகளும் இரண்டிரண்டாய் எதிர்நின்று, பெயருக்குப் பெயரும் வினைக்கு வினையும் ஈடாதல் வேண்டும். சந்தையில் வாத்துகளுக்கு இறகு பறித்துக்கொண்டே இவற்றை மனனம் செய்தேன்.

எங்கள் ஊர்ச் செய்யுள் கழகத்தில் சேர ஒரே வழிதான் உண்டு. சாமந்தி விருந்தன்று தலைவர் ஒரு செய்யுள் தருவார். அதன் அடியிறுதியில் ஒத்தொலிக்கும் இயைபுச் சொற்கள் ஐந்தையும் அதே வரிசையில் வைத்து, பிழையின்றி மறுமொழிச் செய்யுள் எழுதுபவரே உறுப்பினர். தலைவர் பாங் ஷௌலின், வடக்கிலிருந்து வந்து குடியேறிய ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். இவ்வாண்டு அவர் தந்த சொற்கள் தூசி, மனிதர், ஏழை, உடல், புதுமை. சந்தைத் தூசி படாத சாமந்தியே உயர்ந்தது என்பது அவர் செய்யுளின் கருத்து. வாசிக்கையில் என்னையே பார்த்தார்.

அதே ஐந்து சொற்களால், அந்தத் தூசியில் நிற்கும் மனிதர் இல்லையேல் இவ்விருந்துக்குக் கறி ஏது என்று கேட்டேன்.

பாங் விரலால் மேசையைத் தட்டித் தட்டி ஓசை பார்த்தார். ஐந்தாம் அடியில் விரல் நின்றது.

“இங்க சாய்ந்த ஓசை வரணும், வாத்துக்காரம்மா. நீங்க ‘வாத்து’ன்னு போட்டிருக்கீங்க. அது சம ஓசை. அடுத்த வருஷம் பாப்போம்.”

“உங்க வாயிலதான் ஐயா அது சமம். ஓசை அகராதிய எடுத்துப் பாருங்க.”

கழக விதிப்படி பழைய ஓசை அகராதியே தீர்ப்பு. வடக்கத்தியர் வாயில் நீண்டு ஒலிக்கும் அச்சொல், எங்கள் ஊர் வாயில் உதடு மூடி வெட்டென நின்றுவிடும். அந்த வெட்டோசையை அகராதி சாய்ந்த வகையில் சேர்த்திருக்கிறது.

“தெனம் நூறு தடவ கூவி விக்கிறா,” என்றாள் விருந்துக்கு மீன் கொண்டுவந்திருந்த என் பக்கத்துக் கடை மீன்காரி லோ. “அது எப்படி முடியுதுன்னு அவளுக்கா சொல்லிக் குடுக்கறீங்க?”

பாங் புரட்டினார், கண்டார், காது சிவந்தது.

“சரி, ஓசை சரிதான். ஆனா செய்யுள்ல போய் வாத்தா? பெரிய புலவருங்க பாடின ‘கொக்கு’ன்னு மாத்துங்க. அதுவும் சாய்ந்த ஓசைதான். மாத்தினா இப்பவே பேர எழுதிக்கறேன்.”

கொக்கு அவ்விடத்தில் பொருந்தும் என்பதை நான் முன்பே அறிவேன்.

“அடுத்த அடியில ஈடா லோ அக்காவோட மீன் நிக்குது ஐயா. கொக்க விட்டா அதத் தின்னுடும்.”

அவையில் சிரிப்பு எழுந்தது. பாங் சிரிக்கவில்லை.

“பிடிவாதம் பிடிச்சா உறுப்பினராக முடியாதும்மா.”

“விதியில பிழைன்னா சொல்லுங்க, இங்கயே திருத்தறேன். உங்களுக்குப் பிடிக்கலன்னு ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன். பிடிவாதம் கூடாதுன்னு விதி இருந்தா, அதையும் காட்டுங்க.”

அவ்வாறான விதி ஏதுமில்லை. அவர் தூரிகையை மேசைமேல் வைத்துவிட்டுச் சன்னலை நோக்கினார். நான் அதை எடுத்தேன். உறுப்பினர் ஏட்டில், இறுதிப் பெயருக்குக் கீழே, கௌ மிங்சாவ் என்று என் பெயரை என் கையாலேயே எழுதினேன். மை காயும்வரை ஏட்டை எவரையும் மூட விடவில்லை.