நுனியில் பூக்கிற செடி

தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் அவர்கள் பங்குக்கு இருந்தது ஒரு பாய் விரிக்கிற இடம். அதுவும் கல்லும் சரளையும். அந்த இடத்தில் ஆட்டுக்கு ஒரு கொட்டில் போட வேண்டும் என்றான், தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர்க் கான் வெட்டுகிற ஏழுமலை. பூச்செடிதான் வைப்பேன் என்று நின்றாள் அவன் பெண்டாட்டி அழகம்மா.

கொழுந்து எடுக்கப் பழகிய நாளிலிருந்து அவள் செடிகளோடுதான் மாரடிக்கிறாள். இலங்கையில் கொடகவெலப் பக்கத்து அந்தத் தோட்டத்தில் அவள் கைபடாத தேயிலை கிடையாது. அதில் ஒன்றுகூட அவளுடையது இல்லை.

"எனக்குன்னு ஒரே ஒரு செடி நிக்கட்டுமேங்க."

"நிக்கட்டும். ஆனா தீவாளிக்குள்ள பூக்கணும். பூக்கலேன்னா கொட்டில்தான். அப்புறம் மூக்கால அழக் கூடாது."

2001ஆம் வருடம். மழை ஏமாற்றிக்கொண்டிருந்தது. பீலியில் தண்ணீர் நூலாக விழுந்தது; குடம் நிறைவதற்குள் பெண்கள் ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்தார்கள். ஆகவே அழகம்மா வாரச் சந்தையான பொலையில் செடி விற்கும் முக்தாரிடம், தண்ணீர் கேட்காத செடியாகக் கேட்டாள். இடுப்பளவு வளர்ந்த ஒன்றை அவர் பெயின்ட் வாளியோடு இழுத்து வைத்தார்.

"அவுஸ்திரேலியாச் செடி, தங்கச்சி. வேர் புடிக்கிற மட்டும் தண்ணி காட்டுங்க. பொறகு அது பாட்டுல நிக்கும். போத்தல் கழுவுற பிரஷ் மாதிரி, செக்கச்செவேல்னு, கொப்பு நுனியில பூக்கும்."

அவர் சொன்னது பொய்யில்லை. பக்கத்து வாசல் ரோஜாக்கள் கருகி விழுந்தபோதும் இது பச்சையாகவே நின்றது. ஆனால் பூக்கவில்லை. உயரவும் இல்லை, பக்கவாட்டில் பரந்து, மேலே பலகை வைத்ததுபோல் தட்டையாகிப் போனது.

பக்கத்துக் காம்பரா வீட்டுச் சிங்களப் பெண் நிரோஷா தினமும் பொழுது சாய்ந்ததும் செடியருகே வந்து நின்று அழகம்மாவோடு கதை அளப்பவள். "அக்கே, தலையில கொழுந்துக் கூடையை மாட்டிக்கிட்டு வரட்டா?" என்று சிரித்தாள்.

தீபாவளி நெருங்கியது. ஏழுமலை மூங்கில் கழிகளை வெட்டிவந்து சுவரில் சாய்த்துவைத்தான். விசிலடித்தான். அந்த விசில்தான் அழகம்மாவுக்குப் பொறுக்கவில்லை. செடியைக் குனிந்து பார்த்தாள். ஒரு கொப்பில்கூட நுனி இல்லை. எல்லாம் கிள்ளப்பட்டிருந்தன.

"ஏங்க! நுனியை ஒடிச்சு ஆட்டுக்குப் போடுறது நீங்கதானே?"

"நானா? ஆடு அதை மோந்து பாத்துட்டுத் தும்முது, புள்ள. யாரு திம்பா அதை?"

"பின்ன யாரு? கொட்டில் வேணுங்கிறவருக்குத்தானே இந்தப் புத்தி வரும்! பேயா வந்து கிள்ளுது?"

சத்தம் கேட்டு நிரோஷா ஓடிவந்து செடியின் மறுபக்கம் நின்றாள். அழகம்மா மூச்சுவிடாமல் திட்டினாள். பதில் சொல்ல வாயெடுத்த ஏழுமலை அப்படியே நின்றான். அவன் கண் அவள் முகத்தில் இல்லை.

"அடியே, கையைத் தொற."

"என்னத்துக்கு?"

"தொறங்கிறேன்ல."

திறந்தாள். உள்ளங்கை நிறைய இளந்தளிர். எலுமிச்சை வாசம் குப்பென்று அடித்தது. நிரோஷா மெல்லத் தன் கையையும் விரித்துப் பார்த்தாள். அங்கேயும் ஒரு பிடி.

"அனே!" என்றாள் நிரோஷா.

ஏழுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "தேயிலை மலையில இப்படி எடுத்திருந்தா கங்காணி ரெண்டு பேருக்கும் கும்பிடு போட்டிருப்பான்!"

அழகம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வாய் ஊர்க்கதை பேச, கை தன் பாட்டில் கொழுந்து எடுத்திருக்கிறது.

"போங்க. கொட்டிலைப் போடுங்க. தோத்துட்டேன்."

ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். மூங்கில் கழிகளை எடுத்துவந்து செடியைச் சுற்றி, கை எட்டாத தூரத்தில் ஒவ்வொன்றாக நட ஆரம்பித்தான்.

"ஊருல ஆட்டுக்குப் பயந்து வேலி போடுவானுங்க. நான் பொண்டாட்டிக்குப் பயந்து போடுறேன். பொங்கல் வரைக்கும் தவணை."

பொங்கலுக்கு முன்பே பூத்தது. கொப்பு நுனிகளில் சிவப்பு மயிர் சிலிர்த்து நின்றது. முக்தார் சொன்ன பிரஷேதான். லயத்துப் பெண்கள் வேலியைச் சுற்றிக் கைகட்டி நின்று பார்த்தார்கள். அன்றைக்கே அழகம்மா பின்புறத்துப் புல்லைச் செதுக்கி, கொட்டிலுக்கு இடம் காட்டினாள்.

"ஒண்ணே ஒண்ணு, அக்கே. தலைக்கு," என்று நிரோஷா வேலிக்கு மேலே எட்டினாள்.

"கை!" என்று கத்தினாள் அழகம்மா.