மச்சான் தூண்

"ஏணியைக் கெட்டியாப் பிடி!"

ஒரு கையில் டார்ச், சட்டைப்பையில் எஃகு ஸ்கேல். கிழவர் விறுவிறுவென்று ஏறினார். வாசலில் இடிக்கும் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"வேண்டாம் மாமா, இறங்குங்க. விழுந்து வச்சீங்கன்னா அத்தைக்கு யார் பதில் சொல்றது?"

"உங்க அத்தை என்னை எப்பவோ கைகழுவிட்டா. நீ பிடி!"

கீழே நின்றவள் மாநகராட்சி இன்ஜினீயர். அவர் மனைவியின் தம்பி மகள். இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவளும் அவள்தான்.

வானொலி நிலையத்தின் முன்கூடம் அது. நாடும் தலைநகரும் புதுசாயிருந்த காலத்தில் அவர் வரைந்தது. பலகையின் வரி அப்படியே பதிந்த பூசாத கான்கிரீட் சுவர், வழுவழு மொசைக் தரை, தலைக்கு மேலே இறக்கை மாதிரி விரிந்த மெல்லிய கூரை. அந்தரத்தில் நிற்குதே என்று ஊரே அண்ணாந்து பார்த்தது. நடுவில் மட்டும் ஒரு தூண்.

அது மச்சானின், அதாவது இவள் அப்பாவின், பிடிவாதம். கட்டடத்துக்குக் கணக்குப் போட்ட இன்ஜினீயர் அவன்தான். "தூண் இல்லாம கூரை நிக்காது அத்தான்" என்று ஒற்றைக்காலில் நின்றான். சரி, கட்டித் தொலை என்று விட்டுவிட்டு, உச்சியில் விரல் நுழைகிற இடைவெளி விடச் சொன்னார் இவர். கூரை தூணைத் தொடவே தொடாது!

அப்புறம் எந்த விருந்துக்குப் போனாலும் இதே பேச்சுதான். "என் மச்சான் தூணைப் பாத்தீங்களா? அவனை மாதிரியே சும்மா நிக்கும்!" கூட்டம் சிரிக்கும். மச்சானும் சேர்ந்து சிரிப்பான். மனைவி மட்டும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

போன வருஷம் மச்சான் போய்ச் சேர்ந்தான். சாவு வீட்டிலும் யாரோ அந்த ஜோக்கை எடுத்துவிட, இவர் தடுக்கவில்லை.

இப்போது தூணில் விரிசல். தூண் போனால் கூரையும் போகும் என்று இடிக்க வந்துவிட்டார்கள். இடைவெளியைக் காட்டிவிட்டால் போதும், கட்டடம் பிழைத்துக்கொள்ளும்.

உச்சியைச் சுற்றி மச்சான் அடித்து வைத்திருந்த மரச்சட்டத்தை நெம்பி எடுத்தார். ஸ்கேலை நுழைத்தார்.

ணங்.

டார்ச் அடித்தார். இடைவெளி இல்லை. இரும்புத் தகடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. மொத்தக் கூரையும் அதன்மேல் உட்கார்ந்திருந்தது.

"இது யார் வேலை?"

அவள் குனிந்து ஏணிக்காலைச் சரிசெய்தாள்.

"உனக்குத் தெரியும். சொல்லு!"

"கூரைக்குக் கொடுத்த முட்டுக்கட்டையைப் பிரிச்ச அன்னிக்கே கூரை இறங்க ஆரம்பிச்சிருச்சு மாமா. அப்பா ஆளுங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, அவரே தகடு வச்சு அடைச்சார்."

ஏணிப்படியை இறுகப் பற்றிக்கொண்டார். "அத்தனை பேர் முன்னால கிண்டல் பண்ணேனே... ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அவன்!"

"நானும் கேட்டேன். 'அத்தான் பேர் கெட்டுரும். சும்மா நிக்கிற தூணாவே இருக்கட்டும்'னுட்டார்."

"தனியாவா இவ்வளவையும் ஏத்தினான்?"

அவள் தலை நிமிரவில்லை.

"இல்ல மாமா. அன்னிக்கு ஏணியைப் பிடிச்சுக்கிட்டது அத்தை."