நடுவே நாற்பது தப்படி

எங்கள் ஊர்ப் பூசணித் திருவிழாவில் படம் எடுப்பது நான்தான். கேமராவைக் கண்டதும் எல்லாரும் பல்லைக் காட்டி விறைத்துப்போவார்கள் என்பதால், முழங்கை நீள லென்ஸோடு மைதானத்தின் ஓரத்தில் யூகலிப்டஸ் மரத்தடியில் உட்கார்ந்துகொள்வேன். தூரத்திலிருந்து பார்த்தால் மனிதர்கள் தாங்களாகவே இருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் ரப்பர் பூட்ஸ் எறியும் போட்டி. போதகர் டெஸ்மண்ட் ஒரு சுழற்றுச் சுழற்றி எறிந்தார். பூட்ஸ் முன்னால் போகாமல் பின்னால் பறந்து, கேக் கடையில் போய் விழுந்தது. அந்த நேரம் என் லென்ஸ் ராலீன் மேல் இருந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அழுத்தினேன்.

வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தபோது தூக்கிவாரிப் போட்டது. ராலீனின் தோளை உரசுவதுபோல அவள் அக்கா க்ளெண்டா. கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அதே சாய்ப்பு, அதே சிரிப்பு. உண்மையில் அவள் வெகுதூரம் பின்னால் நின்றிருக்க வேண்டும். நீள லென்ஸ் இடைவெளியை விழுங்கிவிடும். அவர்கள் அம்மாவின் பியானோவை க்ளெண்டா தங்கையைக் கேட்காமல் ஊர் மண்டபத்துக்குக் கொடுத்த நாளிலிருந்து, பதினோரு வருடமாக இருவருக்கும் பேச்சில்லை.

மாட்டலாமா வேண்டாமா என்று யோசித்து, ஞாயிறு காலை மைதானத்தில் திருவிழாப் படங்களை வைக்கும் பலகையின் ஓரத்தில் மாட்டினேன்.

பத்து மணிக்கு ராலீன் வந்து நின்றாள்.

"ஜாஸ், என்னடி இது? நான் எப்ப இவ பக்கத்துல நின்னேன்?"

"நிக்கலைங்கிறது எனக்கும் தெரியும். லென்ஸ் பண்ற வேலை அது."

அதற்குள் பின்னாலிருந்து குரல். "கம்ப்யூட்டர்ல ஒட்டிட்டியா? எடு அதை!" க்ளெண்டா.

"ஒட்டலை. நீ அவளுக்குப் பின்னாடி நின்னே."

"ஜாஸ், நான் கேக் கடைகிட்ட நின்னேன்னு அவகிட்ட சொல்லு. நடுவுல நாப்பது தப்படியாவது இருக்கும்."

"நாப்பதா? அறுபதுன்னு நீ சொல்லு ஜாஸ்."

"எனக்கு எப்படித் தெரியும்? போய் அளந்து பாருங்க."

போனார்கள். ராலீன் எண்ணியபடி நடந்தாள், க்ளெண்டா கூடவே. பாதி வழியில் சத்தம் கேட்டது.

"நீட்டி வை காலை! கோழி மாதிரி நடந்தா அறுபதுதான் வரும்."

"என் கால் இவ்வளவுதான். நீயே நடந்து காட்டேன்!"

ராலீன் கணக்கில் ஐம்பத்திரண்டு, க்ளெண்டா கணக்கில் நாற்பது. மூச்சிரைக்கத் திரும்பிவந்து, இருவரும் படத்தின் முன் நின்றார்கள். நான் கேமராவைத் தொடவில்லை.

"அம்மா இப்படித்தான் சிரிப்பாங்க," என்றாள் க்ளெண்டா, மெல்ல. "கழுத்தைப் பின்னாடி தள்ளி."

"நான் அப்படியா சிரிக்கிறேன்?"

"ரெண்டு பேரும்தான், லூசு."

ராலீன் படத்தின் ஊசியைப் பிடுங்கினாள். "இது எனக்கு."

"அதெப்படி? நானும்தானே இருக்கேன்!"

"நீ மங்கலா இருக்கே."

இன்னொரு பிரதி போட்டுத் தருவதாக நான் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

சமாதானம் ஆகிவிட்டார்களா என்று ஊரில் கேட்கிறார்கள். தெரியாது. அன்று மதியமே பியானோவுக்காக மறுபடி சண்டை. ஆனால் அதைச் சாசேஜும் வதக்கிய வெங்காயமும் வைத்த ரொட்டிக்கான வரிசையில் அடுத்தடுத்து நின்று, நேருக்கு நேர் போட்டார்கள். வெங்காயம் தீர்ந்துபோகும் நிலையில், க்ளெண்டா தன் ரொட்டியிலிருந்த வெங்காயத்தில் பாதியை அள்ளி ராலீனின் ரொட்டியில் வைத்துவிட்டு, வாக்குவாதத்தைத் தொடர்ந்தாள்.