காலிக் கட்டம்

சாமி படத்துக்குச் சட்டம் போடுகிறவர்களுக்கு ஒரு பழக்கம். கண்ணாடி வைக்கும் முன் துணியால் படத்தை அழுத்தி ஒரு துடை துடைப்பார்கள். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை வைத்திருந்த பச்சைமுத்து, 2004-இல் ஒரு வியாழக்கிழமை, டிராயிங் டீச்சர் இருதயசெல்வியின் ஓவியத்தையும் அப்படியே துடைத்துத் தொலைத்தான்.

அதில் சாமியும் இல்லை, மனுஷனும் இல்லை. கறுப்புப் பலகையில் வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை தங்கக் கட்டங்கள், அவ்வளவுதான். டீச்சரின் படம் முதன்முதலாகச் சென்னைக் கண்காட்சிக்குத் தேர்வாகியிருந்தது. சனிக்கிழமை போயாக வேண்டும். துடைத்துவிட்டுப் பார்த்தால் ஒரு கட்டத்தில் தங்கத்தைக் காணோம்.

துணியை உதறினான், தரையைத் துழாவினான். ஒரு துளிகூடக் கிடைக்கவில்லை. தங்கத்தைச் சுரண்டிக்கொண்டான் என்றுதானே ஊர் பேசும்? டீச்சரிடம் சொல்லிவிடலாம்தான். நம்பாமல் போய்விட்டால்?

மறுநாள் மனைவி கிருஷ்ணவேணியின் மூக்குத்தியோடு விழுப்புரம் பஸ் ஏறினான். கோயில் வேலைக்குத் தங்க ரேக்கு விற்கிற கடையில் அதைக் கொடுத்து இரண்டு ரேக்கு வாங்கிவந்தான். மூச்சுப் பட்டாலே பறக்கிற மெல்லிய தகடு அது. ஒன்று ஃபேன் காற்றில் பொடிப்பொடியாகப் போனது. ஃபேனை நிறுத்தி, மூச்சை அடக்கி, மற்றதை ஒட்டினான். பக்கத்துக் கட்டங்களைவிடக் கொஞ்சம் கூடுதலாக மின்னியது. புதுசு அப்படித்தான் இருக்கும் என்று தேற்றிக்கொண்டான்.

சனிக்கிழமை காலை வந்த டீச்சருக்குப் படத்தைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. பச்சைமுத்து மூக்குத்தி வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னான். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கட்டத்தில் எதுவும் உதிரவில்லை, தான் வேண்டுமென்றே காலியாக விட்டதுதான் என்றார். அந்த ஒரு கறுப்புதான் படமே என்றார்.

"மத்த அறுபத்தி மூணும் பித்தளை ரேக்குண்ணே. தங்கம் வாங்க எனக்கு ஏது வசதி? இதுல நெசத் தங்கம் நீங்க ஒட்டுனது ஒண்ணுதான்."

"அப்ப அது பாட்டுக்கு இருந்துக்கினு போவட்டுமே, டீச்சர்."

டீச்சர் எழுந்து, மின்னுகிற அந்தக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சுரண்டிடுங்கண்ணே."

பச்சைமுத்துவுக்குக் கோபம் வந்தது. இப்படியும் ஒரு பொம்பளையா என்று நினைத்தான். ஆனாலும் பிளேடை எடுத்தான். பலகை அசையாமல் பிடித்துக்கொண்ட டீச்சர் அழுதுகொண்டிருந்தார். அவன், அடியில் உள்ள கறுப்பில் கீறல் விழாமல், ஓரத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தான்.