மார்ச்சில் திறந்த பாட்டில்

இன்னும் நாற்பத்து மூன்று மணி நேரம் இருந்தது. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் வெர்லிண்டன் வருவார். அவர் திரும்பிப் போகும்போது அப்பா இருக்கமாட்டார்.

கேட்டுக்கொண்டது அப்பாதான். நாலு வருடமாக அவருடைய நுரையீரல் இறுகிக்கொண்டே வந்தது. இப்போதெல்லாம் ஒரு காலுறையை மாட்டினாலே வெகுநேரம் மூச்சு இளைக்கும். எங்கள் நாட்டுச் சட்டம் கேட்கிறபடி இரண்டு டாக்டர்கள் தனித்தனியாக வந்து அவரோடு பேசினார்கள், இருவரும் ஒப்புக்கொண்டார்கள். என்ன மருந்து, எப்படிப் போகும், வலி இருக்குமா என்று டாக்டர் வெர்லிண்டன் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து நிதானமாக விளக்கினார். நான் வேதியியல் படித்தவள். எல்லாம் புரிந்தது. கேட்பதற்கு ஒரு கேள்விகூட வரவில்லை.

அண்ணனுக்குத் தெரியும், புதன்கிழமை பிள்ளைகளோடு வருகிறான். பக்கத்து வீட்டு மரீனாவுக்குத் தெரியும். ரொட்டிக்கடையில், வெள்ளிக்கிழமையிலிருந்து சின்ன ரொட்டி போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன். கமீல் மாமாவுக்கு மட்டும் தெரியாது.

"அவன்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். ஒவ்வொரு ஞாயிறும் தேவாலயப் பூசை முடிந்ததும் மாமா பாதாம் கேக்கோடு வருவார். பேசுவார். சிரிப்பார். போவார். கதவு சாத்தியதும் அப்பா என்னைப் பார்க்காமல், "அடுத்த வாரம்" என்பார். இப்படியே ஐந்து ஞாயிறு போனது. இனிமேல் அடுத்த வாரம் இல்லை.

மாமா என்றால் உறவு இல்லை. அப்பாவும் அவரும் கூரைக்கு ஓடு போட்டவர்கள். முப்பது வருடம் ஒரே ஏணியில் ஏறி இறங்கினவர்கள். மாமாவின் மனைவி ஜோர்ஜெட் பதினோரு மாதம் படுக்கையில் கிடந்து செத்தார். நடுவில் ஒரு டாக்டர், வேறு ஒரு வழியும் இருக்கிறது என்று மாமாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாராம். மாமா அவருடைய கோட்டை எடுத்துக் கையில் கொடுத்து வாசலைக் காட்டினாராம். "அவ போறப்போ போவா. காத்துக்கிட்டிருக்க நான் இருக்கேன்." இதை மாமாவே பெருமையாகச் சொல்வார். அப்பா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார்.

"சொன்னா எந்திரிச்சுப் போயிடுவான்" என்று ஒரு நாள் அப்பா என்னிடம் சொன்னார். "போனா வரமாட்டான். எனக்கு அவனைத் தெரியும்." அவ்வளவு பேசியதற்கு அவருக்கு மூன்று முறை மூச்சு வாங்கியது.

திங்கட்கிழமை மாலை போர்வைக்குள்ளிருந்து சொன்னார்: "நாளைக்கு... பாட்டில் திறக்கறோம்னு... அவனுக்குப் போன் போடு."

"மார்ச்லயா?" என்றார் மாமா போனில். "உங்கப்பனுக்குக் காலண்டர் வாங்கிக் குடு கண்ணு."

பாட்டில் திறப்பது நவம்பரில்தான். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவர்கள் இருவரும் ஆலையிலிருந்து லாம்பிக் என்ற புளிப்புப் பியரைப் பீப்பாயோடு வாங்கி வந்தார்கள். மரப்பீப்பாயில் ஒரு வருடம் கிடந்தது ஒன்று, இரண்டு வருடம் கிடந்தது ஒன்று, மூன்று வருடம் கிடந்தது ஒன்று. மூன்றையும் எங்கள் கார் ஷெட்டில் கலந்து பாட்டிலில் அடைத்தார்கள். இளசு நுரையைக் கொடுக்கும், பழசு ருசியைக் கொடுக்கும். பெரும்பாலானதைக் கல்யாணங்களிலும் ஞானஸ்நானங்களிலும் குடித்துத் தீர்த்தாகிவிட்டது. ஒரு வரிசையை மட்டும் நிலவறையில் படுக்கவைத்தார்கள். வருடத்துக்கு ஒன்று திறந்து ருசி பார்ப்பது, மிச்சத்தைக் குடிப்பதா விடுவதா என்று ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்வது. இருவரும் "திற" என்றால்தான் மிச்சத்தைத் திறக்கலாம். பத்தொன்பது வருடமாக இருவரும் "விடு" என்றே சொல்லிவந்தார்கள்.

செவ்வாய் பிற்பகல் நான் நிலவறைக்குப் போனேன். பாட்டில்களில் பெயர்ச்சீட்டு இல்லை. மேல் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு மட்டும். கோடு எப்போதும் மேலே இருக்க வேண்டும். புரட்டினால் அடியில் தங்கியிருக்கும் மண்டி கலங்கிவிடும். கிடந்தபடியே ஒன்றை எடுத்துச் சாய்வுக் கூடையில் வைத்தேன். நிமிரும்போது கண் இருட்டியது. இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை. குளிர்ந்த சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். மேலே ஆக்சிஜன் இயந்திரம் முனகுவது அங்கேயும் கேட்டது.

மாமா சொன்ன நேரத்துக்கு வந்தார். புகைக்கும் பைப்பை வெளி ஜன்னல் திண்டிலேயே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

"என்னய்யா ஓமேர், நவம்பர் வரைக்கும் தாங்காதா உனக்கு?"

"ஆசையா இருந்துச்சு" என்றார் அப்பா.

"ஆசையாம்! என்னைப் புதைச்சுட்டு, என் பங்கையும் குடிச்சுட்டுத்தான் நீ போவ. இந்த ஊருக்கே தெரியும்."

அப்பா சிரித்தார். மூக்கிலிருந்த குழாய் நகர்ந்தது. சரிசெய்தேன்.

"நேலெ கண்ணு, உன் முகம் ஏன் இப்படிக் கிடக்கு? லேப்ல தூங்க விடறதில்லையா?"

"லீவுல இருக்கேன் மாமா."

"எதுக்கு லீவு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தன் முழங்கால் போர்வையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாதான்" என்றேன். பியரோடு கடிக்க முள்ளங்கி நறுக்கப் போனேன்.

தக்கை எளிதில் வரவில்லை. பாதி வந்து உடைந்தது. மாமா திட்டவில்லை. கூடையை மடியில் அணைத்துக்கொண்டு, மிச்சத்தைத் துளித்துளியாகத் திருகி எடுத்தார். நானாக இருந்தால் உள்ளே தள்ளியிருப்பேன். கடைசியில் மெல்லிய ஒரு மூச்சு மட்டும் வந்தது. தரையில் நுரை விழவில்லை.

"இருக்கு, இருக்கு. உசிர் இருக்கு" என்றார். "கண்ணாடி டம்ளரெல்லாம் கிட்டக் கொண்டா. நிறுத்தி நிறுத்தி ஊத்த முடியாது. உன் கையில என்ன அது, ஆஸ்பத்திரி நாத்தம்? போய்க் கழுவிட்டு வா. பத்தொம்பது வருஷம் காத்திருந்து உன் சோப்பையா மோந்து பாக்கறது?"

கழுவிவிட்டு வந்தேன். மூன்று டம்ளர்களையும் ஒட்டிவைத்து, பாட்டிலை நிமிர்த்தாமல் ஒரே ஓட்டத்தில் மூன்றிலும் ஊற்றினார். பழைய தேன் நிறம். நுரை ஒரு வளையமாக நின்று, உடனே உட்கார்ந்தது.

அப்பா மூக்குக் குழாயைக் கழற்றச் சொல்லிக் கை காட்டினார்.

"அப்பா."

"மோந்து பாக்கணும்."

கழற்றினேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார். நான் அவருடைய உதட்டின் நிறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீலம் ஏற ஆரம்பித்ததும் குழாயைத் திரும்ப மாட்டினேன். அவர் தடுக்கவில்லை.

நானும் ஒரு வாய் குடித்தேன். எனக்கு அளக்கத் தெரியும், வர்ணிக்கத் தெரியாது. முதலில் தாடை இறுகியது. போன நவம்பரில் இருந்த புளிப்பு இல்லை. அதைவிடத் தணிந்த, தூரத்துப் புளிப்பு. அப்புறம் காய்ந்த வைக்கோல், ஆப்பிள் தோல், ஈரச் சுவர். விழுங்கின பிறகு மெல்லிய கசப்பு ஒன்று வந்து, நின்று, நாக்கைக் காய வைத்துவிட்டுப் போனது. நன்றாக இருந்தது. அந்த நேரத்தில் ஒன்று நன்றாக இருந்தது எனக்குச் சிரமமாக இருந்தது.

மாமா நெடுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார்.

"ஐயோ ஓமேர்" என்றார். "இதை நாமளா பண்ணினோம்? கூரையில இருந்து ரெண்டு தடவ விழுந்தவன் நீ."

"ஒரு தடவ."

"ரெண்டு. கோழிக் கொட்டகையையும் கணக்குல சேத்துக்கணும்." இன்னொரு வாய் குடித்தார். "சரி, சொல்லிடலாம். நான் சொல்றேன், விடு. இன்னும் மூணு வருஷம் நல்லாப் போகும். அஞ்சுகூடப் போகும். நீ?"

இயந்திரம் முனகிக்கொண்டிருந்தது. அப்பா டம்ளரைக் கீழே வைத்தார்.

"திற" என்றார். "எல்லாத்தையும்."

மாமா சிரிப்பதற்காக வாயைத் திறந்து, அப்படியே நிறுத்தினார். "என்னது?"

"போன தடவ... பழ வாசனை இருந்துச்சு. இப்ப இல்ல."

"உள்ள ஒளிஞ்சிருக்கும். திரும்ப வரும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒளிஞ்சு திரும்ப வரலையா?"

"வராது." மூச்சு. "இப்ப நல்லா இருக்கு. இப்பக் குடிச்சிடணும்." மூச்சு. "இதுக்கு மேல விட்டா... வெறும் தண்ணி."

"யாரு சொன்னது? இதுக்கு என்ன குறைச்சல்? நல்ல இடத்துல படுத்துக் கிடக்கு, இருட்டு இருக்கு, குளிர் இருக்கு. யாரும் தொந்தரவு பண்ணாம விட்டா அதுபாட்டுக்கு இருக்கும்." மாமாவின் குரல் ஏறியது. "என்னய்யா அவசரம் உனக்கு? எம்பது வயசு ஆளு மாதிரி இரு."

"எழுபத்தாறு."

"வாய் மட்டும் இருக்கு." என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு கண்ணு. நீ படிச்சவ. இது தாங்குமா தாங்காதா?"

"எனக்குத் தெரியல மாமா."

"பின்ன எதுக்கு அத்தனை வருஷம் காலேஜு? நான் ஒத்துக்கமாட்டேன். ரெண்டு பேரும் சொன்னாத்தான் திறக்கலாம். நீ போட்ட சட்டம்தான்யா அது, ஏணி மேல நின்னுக்கிட்டு."

அப்பா கையைத் தூக்கினார். மாமா நிறுத்தினார்.

"கமீல். உங்கிட்ட... ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"நான்..."

இருமல் வந்துவிட்டது. ஆரம்பித்தால் எளிதில் நிற்காத இருமல். நான் எழுவதற்குள் மாமா எழுந்து அப்பாவின் பின்னால் போய்விட்டார். ஒரு கையை மார்பிலும் ஒரு கையை முதுகிலும் கொடுத்து, அவரை முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். எனக்கு அப்படிப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க நர்ஸுக்கு ஒரு வாரம் ஆனது. மாமாவின் கைகள் யோசிக்கவே இல்லை.

"மெதுவா. வெளிய விடு. என்மேல சாஞ்சுக்க, வெயிட்டக் குடு. அப்படித்தான். அப்படித்தான்டா."

இருமல் அடங்கும்வரை அப்படியே நின்றார். தன் கைக்குட்டையால் அப்பாவின் வாயைத் துடைத்து, அதை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அப்பாவின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இருமலினால் என்று சொல்லலாம்.

"பேசாத" என்றார் மாமா. "ஒண்ணும் ஓடிப்போகல. ஞாயித்துக்கிழமை வரேன், அப்பச் சொல்லு. பாட்டில் சண்டையையும் அப்ப வச்சுக்கலாம்."

கோட்டை மாட்டினார். ஒரு கை உள்ளே போய்விட்டது, இன்னொன்றுக்குத் துளை தேடிக்கொண்டிருந்தார். அப்பா பேச முயன்றார். காற்று மட்டும் வந்தது. மறுபடி முயன்றார். பிறகு தலையை நாற்காலியில் சாய்த்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. சத்தமில்லை.

நீ சொல்லு.

நான் தலையை ஆட்டி மறுத்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனிடம் சொன்னது அப்பா. மரீனாவிடம் சொன்னதும் அப்பா. லேபில் நான் குடும்ப விஷயம் என்றேன். அவர்களும் மேலே கேட்கவில்லை. வீட்டுக்குள் நாங்கள் இருவரும் கிழமையை மட்டும்தான் சொல்லிவந்தோம். அதற்கு முன்னால் துணியைத் துவைத்துவிட வேண்டும், அதற்கு முன்னால் முடி வெட்டிவிட வேண்டும் என்று.

மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் வந்தார். கதவுக்கு முன்னால் நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது அங்கே போனேன் என்று தெரியவில்லை.

"என்ன கண்ணு, வழிய விடு. இருட்டறதுக்குள்ள சைக்கிள்ல போகணும்."

"மாமா, உக்காருங்க."

"ஞாயித்துக்கிழமை வரேன்னு சொன்னேனே."

"உக்காருங்க மாமா."

அவர் உட்காரவில்லை. ஆனால் போகவும் இல்லை. என் முகத்தைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். குரலை உயர்த்தவேண்டியதில்லை, அறை சின்னது.

"ஞாயித்துக்கிழமை அப்பா இருக்கமாட்டாரு. நாளன்னிக்குக் காலையில பத்து மணிக்கு டாக்டர் வந்து ஊசி போடறாங்க. அப்பாவா கேட்டுக்கிட்டது. உங்ககிட்டச் சொல்ல அவருக்குப் பயம். வியாழக்கிழமை அப்பா சாகப் போறாரு, மாமா."